ராத்திரியே சொல்லியிருக்கணும்

இமயமலைக்கு டிரெக்கிங் போகிறேன் என்று சொன்னால் நம் ஊரில் முதலில் கேட்பது, "ஸ்டாமினா இருக்கா?" என்றுதான். என்னையும் கேட்டார்கள். ஆறு மாதம் தினமும் காலையில் ஐந்து கிலோமீட்டர் நடந்திருந்தேன். முதுகில் பத்துக் கிலோ பையோடு மொட்டைமாடி வரை படியேறி இறங்கியிருந்தேன். அதனால் "இருக்கு" என்று நம்பிக்கையாகச் சொல்லிவிட்டுத்தான் போன செப்டம்பரில் டில்லிக்கு ரயிலேறினேன். ஹம்ப்தா கணவாயைக் கடந்த அந்த ஒரு நாளுக்குப் பிறகு, நாம் கேட்க வேண்டிய கேள்வியே வேறு என்று தோன்றுகிறது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

ஹம்ப்தா கணவாய் இமாசலப் பிரதேசத்தில் இருக்கிறது. குலு பள்ளத்தாக்கிலிருந்து லாஹௌலுக்குப் போகும் பழைய ஆட்டுப் பாதை அது. உயரம் சுமார் 4,270 மீட்டர். மணாலியிலிருந்து ஜோப்ரா வரை ஜீப், அதன்பின் நடை. முதல் இரவு சிக்கா முகாம், சுமார் 3,100 மீட்டர். இரண்டாம் இரவு பாலு கா கேரா, சுமார் 3,600 மீட்டர். இந்தியில் பாலு என்றால் மணல். ஆற்றோரத்தில் பரந்து கிடக்கும் சமவெளி அது. மூன்றாம் நாள்தான் பெரிய நாள். அங்கிருந்து கணவாய் ஏறி, அந்தப் பக்கம் சியாகோரு என்ற ஓடைக்கரை முகாமுக்கு இறங்கிவிட வேண்டும். தூரம் என்னவோ எட்டு, ஒன்பது கிலோமீட்டர்தான். எங்களுக்குப் பத்தரை மணி நேரம் ஆனது.

தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரம் ஆனைமுடி, 2,695 மீட்டர். நாங்கள் இரண்டாம் இரவு படுத்திருந்த இடமே அதைவிடத் தொள்ளாயிரம் மீட்டர் மேலே. வெள்ளியங்கிரி ஏழு மலையையும் ஒரே இரவில் ஏறி இறங்குகிறவராக இருந்தாலும் சரி, இந்த உயரத்துக்கான பயிற்சி நம் ஊர் மலைகளில் கிடைக்காது.

காரணம் காற்று. மெரினாவிலும் ஹம்ப்தாவிலும் காற்றில் ஆக்சிஜனின் பங்கு ஏறக்குறைய 21 சதவீதம்தான். குறைவது காற்றழுத்தம். கணவாயின் உச்சியில் அது கடல்மட்டத்தில் உள்ளதில் சுமார் 60 சதவீதம். ஒரு மூச்சுக்கு உள்ளே போகிற ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைந்துவிடும். உடம்பு இதற்குப் பழகும். முதலில் மூச்சு வேகமாகும். அடுத்த சில நாட்களில் சிறுநீரகம் ரத்தத்தின் அமில, காரச் சமநிலையைச் சரிசெய்து அந்த வேகமான மூச்சுக்கு இடம்கொடுக்கும். சிவப்பணுக்கள் கூடுவதற்கு வாரங்கள் ஆகும். இந்த வேலைக்கு உடம்பு கேட்பது நாட்களை மட்டும்தான். மாரத்தான் ஓடியவருக்கும் இதில் சலுகை கிடையாது.

மாரத்தான் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. என்னோடு கூடாரத்தில் படுத்திருந்தவர் கோவையிலிருந்து வந்திருந்த தம்பி. முப்பது வயதுகூட இருக்காது. முழு மாரத்தான் நான்கு ஓடியவர். முதல் இரண்டு நாளும் எல்லாருக்கும் முன்னால் முகாம் போய்ச் சேர்ந்தவர் அவர்தான். மெதுவாக வருகிறவர்களுக்குத் திரும்பி வந்து பை தூக்கிக் கொடுத்தவரும் அவர்தான். அவ்வளவு நல்ல பிள்ளை.

பாலு கா கேராவில் அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. ஒரு மணி இருக்கும், லேசாகத் தலை வலிக்க ஆரம்பித்தது. நெற்றி முழுக்க ஒரு கனம். கைடிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். சொன்னால் நாளைக்குக் கணவாய்க்குப் போகவிடாமல் இங்கேயே நிறுத்திவிடுவாரோ என்று பயம். ஆறு மாத உழைப்பு, அலுவலகத்தில் கெஞ்சி வாங்கிய விடுமுறை, ஊரில் எல்லாரிடமும் சொல்லிவிட்டு வந்தது, எல்லாம் கண்முன் வந்தன. பேசாமல் படுத்துவிட்டேன்.

இரண்டரை மணிவாக்கில் தம்பி கூடாரத்தின் ஜிப்பைத் திறந்துகொண்டு வெளியே போனார். சற்று தள்ளி வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தவரிடம் "என்ன தம்பி?" என்றேன். "ஒண்ணுமில்லண்ணா, ராத்திரிச் சாப்பாடு ஒத்துக்கல. நீங்க தூங்குங்க" என்றார். நான் தூங்கினேன். இந்தப் பதிவை எழுதும்போதும் அந்த ஒரு வரி என்னை உறுத்துகிறது.

நாலரை மணிக்குத் தேநீரோடு எழுப்பினார்கள். கூடாரத்தின் வெளித்துணியில் பனி உறைந்து, கை பட்டதும் கண்ணாடித்தூள் போல உதிர்ந்தது. கைடு ஒவ்வொருவர் விரலிலும் ஆக்சிமீட்டரை மாட்டிப் பார்த்தார். மணாலிப் பக்கத்துக் கிராமத்துக்காரர், ஐம்பது வயது இருக்கும், அதிகம் பேசமாட்டார். எனக்கு 86 காட்டியது. சென்னையில் அப்படிக் காட்டினால் ஆஸ்பத்திரிக்கு ஓடுவோம். அந்த உயரத்தில் அது சாதாரணம். ஆனால் அவர் கருவியைவிட என் முகத்தைத்தான் உற்றுப் பார்த்தார். "தலை வலிக்கிறதா?" என்று இந்தியில் கேட்டார். அந்தப் பார்வைக்கு முன்னால் பொய் சொல்ல முடியவில்லை. "ஆமாம், ஒரு மணியிலிருந்து" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. ஒரு லிட்டர் வெந்நீரைக் கையில் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கச் சொன்னார். கஞ்சி சாப்பிடவைத்தார். "கிளம்புகிற நேரத்தில் வலி இருந்தால் நீங்கள் இங்கேயே இருப்பீர்கள். போய்விட்டால் வரலாம்" என்றார். வலியோடு மேலே ஏறக் கூடாது என்பது உயர மலைகளின் முதல் விதி. முந்தைய நாள் நான் தண்ணீர் சரியாகக் குடிக்கவில்லை. குளிரில் தாகமே தெரியாது. உயரத்திலோ வேகமாக விடும் மூச்சிலேயே நிறைய ஈரம் போய்விடும். ஒரு மணி நேரத்தில் தலை தெளிந்துவிட்டது. மறுபடியும் ஒருமுறை சோதித்துவிட்டு என்னை வரிசையில் சேர்த்துக்கொண்டார்.

தம்பிக்கு ஆக்சிமீட்டரில் 85. "எப்படி இருக்கீங்க?" என்றதற்கு "சூப்பர்" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். என் தலைவலியைச் சொன்ன வாய், அவருடைய வாந்தியைச் சொல்லவில்லை. அவர் விஷயத்தை நாம் எப்படிச் சொல்வது என்று நினைத்தேன். காட்டிக்கொடுப்பது போல இருந்தது.

ஆறு மணிக்குக் கிளம்பினோம். முதல் ஒரு மணி நேரம் ஆற்றோரமாகச் சமதரை. ராணி நாலா என்கிற அந்த ஆறு இரவுக் குளிரில் ஒடுங்கிப்போய் மெல்லிய சத்தத்தோடு ஓடியது. பகலில் பனி உருக உருகப் பெருகும் ஆறு அது. இரண்டு பக்கமும் செப்டம்பரின் கடைசிப் பூக்கள், மஞ்சளும் ஊதாவுமாக. மரங்கள் நேற்றே தீர்ந்துவிட்டன. கடைசியாகப் பார்த்தது பூர்ஜ மரங்கள். உரிந்து தொங்கும் அந்த மரப்பட்டையில்தான் ஒரு காலத்தில் வடக்கே ஏடுகள் எழுதினார்கள். அதற்கு மேலே புல், பிறகு பாறை, பிறகு பாறை மட்டுமே.

ஏற்றம் தொடங்கியதும் கைடு முன்னால் போய் ஒரு வேகத்தை வைத்தார். அதை வேகம் என்று சொல்வதே தவறு. ஒரு அடி வைக்கிறார், பின்கால் முட்டியை நேராக்கி உடல் எடையை எலும்பின் மேல் நிறுத்துகிறார், ஒரு மூச்சு விடுகிறார், அடுத்த அடி வைக்கிறார். தசைக்கு ஒவ்வொரு அடியிலும் ஒரு நொடி ஓய்வு. யாராவது முந்தப் பார்த்தால் திரும்பாமலே "ஆராம் சே" என்பார். அவசரம் வேண்டாம், மெதுவாக வா என்று அர்த்தம். அன்று முழுக்க அவர் அதிகம் சொன்ன வார்த்தை அதுதான். மூச்சு வாங்காமல் பேச முடிகிற வேகத்தில் நட, பேச முடியவில்லை என்றால் வேகத்தைக் குறை. இவ்வளவுதான் பாடம்.

எட்டரை மணிக்கு எதிரே ஒரு பெரிய ஆட்டுமந்தை இறங்கி வந்தது. கத்தி (Gaddi) என்கிற மலைச் சமூகத்து இடையர்கள். கோடையில் கணவாய் தாண்டி லாஹௌல் புல்வெளிகளுக்குப் போய்விட்டு, பனி விழுவதற்கு முன்னால் கீழே திரும்புகிறவர்கள். நூற்றுக்கணக்கான ஆடுகள், கழுத்தில் இரும்பு முள் பட்டை கட்டிய நாய்கள். சிறுத்தை கழுத்தைக் கவ்வாமல் இருப்பதற்காக அந்தப் பட்டை. முதியவர் ஒருவர் இடுப்பில் கறுப்புக் கம்பளிக் கயிற்றைப் பல சுற்றுச் சுற்றியிருந்தார். அதற்கு டோரா என்று பெயர். அதன் மேலே அங்கியின் மடிப்புக்குள்ளிருந்து ஒரு குட்டியின் தலை எட்டிப் பார்த்தது. "காலையிலிருந்து பின்தங்கிக்கொண்டே வந்தது, அதுதான் தூக்கிக்கொண்டேன்" என்றார். அத்தனை ஆடுகளுக்கு நடுவே எது பின்தங்குகிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. எங்கள் குழுவில் நாங்கள் பதினொரு பேர்.

பத்து மணிக்குப் பெரும்பாறைப் பகுதி. வீட்டளவு, கார் அளவு பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். கையையும் ஊன்றித்தான் ஏற வேண்டும். அங்கேதான் தம்பி வரிசையின் கடைசிக்கு வந்திருப்பதைப் பார்த்தேன். கம்பை ஊன்றும் இடம் தப்பிக்கொண்டே இருந்தது. ஒரு இடத்தில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. கூப்பிட்டால் பதில் தாமதமாக வந்தது. கைடு இறங்கி வந்தார். சமமான ஓர் இடத்துக்கு அழைத்துப் போய், ஒரு காலின் குதிகால் மறுகாலின் விரலைத் தொடும்படி நேர்கோட்டில் நடக்கச் சொன்னார். மூன்றாவது அடியில் தம்பி பக்கவாட்டில் சாய்ந்தார்.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். "ராத்திரி இரண்டரை மணிக்கு வாந்தி எடுத்தார்" என்றேன். கைடு என்னைப் பார்த்த பார்வையில் திட்டு எதுவும் இல்லை. "இரவு இரண்டரை மணிக்கா? இப்போது பத்து" என்று மட்டும் சொன்னார்.

உயரத்தில் வரும் நோய் மூன்று வகை. தலைவலி, குமட்டல், தூக்கமின்மை, அசதி என்று வருவது முதல் வகை. அங்கேயே ஓய்வெடுத்தால் பெரும்பாலும் ஓரிரு நாளில் சரியாகிவிடும். இரண்டாவது, நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கும், விடாமல் இருமல் வரும். மூன்றாவது, மூளை வீங்குவது. நடை தள்ளாடும், பேச்சும் நினைவும் குழறும். பின்னிரண்டும் சில மணி நேரங்களில் உயிரைப் பறிக்கக்கூடியவை. அவற்றுக்கு முதல் வைத்தியம் கீழே இறங்குவது. உடனே, அந்த நிமிடமே.

கைடு தன் மருந்துப் பெட்டியிலிருந்து மருந்து கொடுத்தார். உதவியாளர் இருவர் தம்பியை இரு பக்கமும் தாங்கிக்கொண்டார்கள். பையை மூன்றாமவர் எடுத்துக்கொண்டார். தம்பியின் கண்கள் கலங்கியிருந்தன. "கொஞ்ச தூரம்தானே அண்ணா, உட்கார்ந்து உட்கார்ந்து வந்துடறேன்னு சொல்லுங்க" என்றார். எனக்குச் சொல்ல எதுவும் இல்லை. அவர்கள் பாறைகளுக்கு நடுவே இறங்கி மறைகிற வரை எல்லாரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். நானும் கூடப் போகிறேன் என்றேன். இன்னொருவர் பாதையில் இருந்தால் அவர்களுக்கு இரட்டை வேலை என்று கைடு மறுத்துவிட்டார்.

அதன்பின் இரண்டரை மணி நேரம் ஏறினோம். அதைப் பற்றி எழுத அதிகம் இல்லை. இருபது அடி, நிற்பது, மூச்சு. மறுபடியும் இருபது அடி. யாரும் பேசவில்லை. இதுதான் உச்சி என்று நினைத்து ஏறினால் அதற்கு மேல் இன்னொரு மேடு. மூன்று முறை அப்படி ஏமாந்த பிறகு மேலே பார்ப்பதையே நிறுத்திவிட்டேன். முன்னால் போகிறவரின் குதிகாலை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

பன்னிரண்டரை மணிக்குக் கணவாய். கற்களை அடுக்கி, வண்ணக் கொடிகள் கட்டிய ஒரு மேடு. காற்று ஆளைத் தள்ளியது. எதிரே இந்திராசன் சிகரம், 6,221 மீட்டர். ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகக் குழு 1962-ல்தான் முதன்முதலில் அதன் உச்சியைத் தொட்டது. அது வெறும் வெள்ளையும் கறுப்புமாக நின்றுகொண்டிருந்தது.

இந்தக் கணவாயின் அதிசயம் திரும்பிப் பார்ப்பதில் இருக்கிறது. வந்த பக்கம் முழுக்கப் பச்சை. போகிற பக்கம் முழுக்க மண்ணும் கல்லும், செம்பழுப்பும் சாம்பலும். பருவமழை மேகங்கள் குலு பக்கம் கொட்டிவிட்டு, இந்த மலைச்சுவரைத் தாண்டும்போது ஈரத்தை இழந்துவிடுகின்றன. லாஹௌல் மழை மறைவுப் பிரதேசம். குமுளியிலிருந்து கம்பம் பள்ளத்தாக்குக்கு இறங்கியவர்களுக்கு இந்த மாற்றம் ஓரளவு தெரியும். ஆனால் இங்கே ஒரே இடத்தில் நின்று, தலையைத் திருப்பினாலே இரண்டு உலகங்களையும் பார்க்கலாம். அழகு, அப்படியோர் அழகு. பார்த்தேன், நெஞ்சு நிறைந்தது. கூடவே, இதைப் பார்க்க வேண்டிய ஒருவர் இல்லை என்பதும் நினைவுக்கு வந்தது.

இறக்கம் எளிதாக இருக்கும் என்று நினைத்தால் அது தவறு. முந்நூறு மீட்டருக்கு மேல் சரிவு. காலடியில் பொடிக்கற்கள் உருண்டன. குதிகாலை அழுத்தி, உடலைப் பின்னால் சாய்க்காமல், கம்பை முன்னால் ஊன்றி இறங்க வேண்டும். ஏற்றத்தில் மூச்சு போயிற்று, இறக்கத்தில் முட்டி போயிற்று. மலையில் விபத்துகள் பெரும்பாலும் இறங்கும்போதுதான் நடக்கும் என்று கைடு சொல்லிக்கொண்டே வந்தார். களைத்த காலும், முடிந்துவிட்டது என்ற நினைப்பும் சேரும் நேரம் அது. நாலரை மணிக்கு சியாகோரு முகாம். சுமார் 3,900 மீட்டர்.

வந்ததும் படுக்கவிடவில்லை. அந்த உயரத்தில் பகலில் தூங்கினால் மூச்சு மந்தமாகி, தலைவலி பிடித்துக்கொள்ளும். வியர்த்த துணியை மாற்றி, உலர்ந்த காலுறை போட்டு, தொப்பி மாட்டிக்கொண்டு சமையல் கூடாரத்தில் உட்கார்ந்தோம். அங்கே தண்ணீர் 87 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகவே வேகாது. அதனால் கோவேறு கழுதை முதுகில் குக்கர் ஏறி வந்திருந்தது. அந்தப் பாழ்வெளியில் குக்கர் விசில் சத்தம் கேட்டதும் வீட்டு நினைவு வந்து தொண்டையை அடைத்தது. சூடான பருப்பு, சோறு, உருளைக்கிழங்கு. பசியே இல்லை. உயரம் பசியைக் கொன்றுவிடும். ஆனாலும் கைடு ஒவ்வொருவர் தட்டையும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அன்று இரவு கூடாரத்தில் நான் தனி. வெந்நீர் நிரப்பிய பாட்டிலைக் காலுறைக்குள் போட்டு ஸ்லீப்பிங் பேக்கின் கால்மாட்டில் வைத்துக்கொண்டேன். கைபேசியும் உள்ளேதான், குளிரில் பாட்டரி இறங்கிவிடும். கண்ணயர்ந்த சில நிமிடங்களில் மூச்சு நின்றது போல் திடுக்கிட்டு விழித்தேன். அது பலருக்கும் வரும். வேகமாக மூச்சு விட்டு விட்டு ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துவிடுவதால், தூக்கத்தில் மூளை சில நொடிகள் மூச்சுவிடச் சொல்ல மறக்கிறது. பிறகு பெருமூச்சாக இழுக்கிறது. இது எனக்கு முன்பே தெரியும். தெரிந்திருந்தும் அந்த இருட்டில் பயமாக இருந்தது. பக்கத்துப் படுக்கை காலியாக இருந்ததால் இன்னும் பயமாக இருந்தது.

நடுநிசியில் வெளியே வந்தேன். ஓடையின் சத்தம் மட்டும். மலைவிளிம்புக்கு மேலே கார்த்திகைக் கூட்டம், நம் ஊரில் ஆறு எண்ணவே கண்ணைச் சுருக்குவோம், இங்கே எண்ண எண்ண வந்துகொண்டே இருந்தது. அங்கே நின்றபோதுதான் முந்தைய இரவை முழுதாக யோசித்துப் பார்த்தேன். ஒரே கூடாரத்தில் இரண்டு பேர். ஒருவருக்குத் தலைவலி, ஒருவருக்கு வாந்தி. இருவரும் ஒரே பயத்தில் வாயை மூடிக்கொண்டோம். என்னை ஒருவர் உற்றுப் பார்த்துக் கேட்டதால் நான் தப்பித்தேன். அவரைப் பற்றித் தெரிந்திருந்த ஒரே ஆள் நான்.

மறுநாள் அதிகாலை, தண்ணீர் ஏறுவதற்கு முன்னால் ஓடையைக் கடந்து சத்ரு இறங்கினோம். அங்கே கைபேசிக்குச் சிக்னல் இல்லை. சந்திரதால் ஏரியைப் பார்த்துவிட்டு, அடல் சுரங்கம் வழியாக மணாலி திரும்பிய பிறகுதான் தம்பியைப் பார்த்தேன். விடுதி வாசலில் வெயிலில் உட்கார்ந்து ஆப்பிள் தின்றுகொண்டிருந்தார். அன்று பிற்பகல் சிக்காவுக்கு இறங்கியபோதே நடை நேராகிவிட்டதாம். அன்றிரவே ஜோப்ரா வந்து, ஜீப்பில் மணாலி ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள். இரண்டு நாளில் அனுப்பிவிட்டார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்து கையைப் பிடித்துக்கொண்டு, "ராத்திரியே சொல்லியிருக்கணும்ணா" என்றார். அவர் தன்னைப் பற்றித்தான் சொன்னார். எனக்கும் சேர்த்துத்தான் அது.

மலைக்குப் போகத் திட்டமிடும் நண்பர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இவ்வளவுதான். உடம்பைத் தயார் செய்யுங்கள், அது மிக அவசியம். 3,000 மீட்டருக்கு மேல் போனால், ஒரு நாளைக்குத் தூங்கும் உயரத்தை ஐந்நூறு மீட்டருக்கு மேல் கூட்டாத திட்டமாகப் பாருங்கள். உங்களுக்கு மூச்சு, இதயம், சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று எதுவும் இருந்தால் மருத்துவரைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மேலே போனபின் தலை வலித்தால், குமட்டினால், கால் தடுமாறினால் அந்த நிமிடமே கைடிடம் சொல்லுங்கள். உங்கள் கூடாரத்தில் படுத்திருப்பவருக்கு அப்படி ஏதாவது என்றால், அவர் வேண்டாம் என்று தடுத்தாலும், நீங்கள் போய்ச் சொல்லுங்கள். கணவாய் அடுத்த வருடமும் அங்கேயேதான் இருக்கும்.